கடலுக்குப் போகும் நீர் வீண் என்பவர்களுக்கு

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படும் ஆண்டுகளில் எல்லாம் ஒரு தலைப்புச் செய்தி தவறாமல் வந்துவிடுகிறது: இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது. காவிரியைப் பற்றி நம் கட்சிகள் ஒத்துப்போகும் விஷயங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் ஆளுங்கட்சியைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள், ஆட்சி மாறினால் சொல்பவர்கள் மாறுகிறார்கள், வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது. விவசாயச் சங்கங்களும் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் தொலைக்காட்சி விவாதங்களில் இதையே சொல்கிறார்கள். கோதாவரி–காவிரி இணைப்புக்கு ஆதரவாக முதலில் எடுத்து வைக்கப்படும் வாதமும் இதுதான்: கோதாவரித் தண்ணீர் அவ்வளவும் வீணாகக் கடலுக்குத்தானே போகிறது? இவ்வளவு பேர் இவ்வளவு உறுதியாகச் சொல்வதாலேயே இதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நாம் நெல் விளைவிக்கும் நிலத்தில் பெரும்பகுதி, கடலை நோக்கி 'வீணாக' ஓடிய தண்ணீர் வழியில் இறக்கி வைத்துவிட்டுப் போன சரக்கு. அந்த ஓட்டத்தைக் குற்றமாகப் பேசுகிறவர்கள் தாங்கள் நிற்கும் தரை எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் கணிசமான பகுதி பனியாக உறைந்திருந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றத்தின் வேகம் தணிந்த பிறகுதான் உலகின் பெரும்பாலான டெல்டாக்கள் உருவாகத் தொடங்கின. அதற்கு முன் ஆறு கொண்டுவந்து போட்டதை எல்லாம் ஏறிவரும் கடல் மூழ்கடித்துக்கொண்டே இருந்தது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் அதன் வேகம் சட்டென்று குறைகிறது. வேகம் குறைந்ததும் சுமக்கும் வலுவும் குறைகிறது. முதலில் பருமணல் விழுந்து முகத்துவாரத்தில் திட்டாகக் குவிகிறது. நுண்மணல் சற்றுத் தள்ளிப் படிகிறது. களிமண் துகள்களின் கதை வேறு. அவை ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை என்பதால் நல்ல தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். உப்பு நீரைத் தொட்டதும் அந்த விலக்கம் அடங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி, கனம் கூடி, அடியில் அமர்ந்துவிடுகின்றன. முகத்துவாரத்தில் களிமண் படிவதற்கே ஆறும் கடலும் கலக்க வேண்டியிருக்கிறது என்பது இதனால்தான். திட்டு வளர வளர ஆறு அதன் இருபுறமும் பிரிகிறது. பிரிந்த கிளை தன் படுகையைத் தானே மேடாக்கிக்கொண்டு, ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு பள்ளமான வழியைத் தேடிப் போகிறது. விட்டுப்போன இடம் வயலாகிறது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, கோரையாறு, பாமணியாறு என்று விசிறியாக விரியும் கிளைகள் இந்த நெடிய அலைச்சலின் தடங்கள். மனிதன் பின்னால் வந்து கரை கட்டினான், மதகு வைத்தான்.

இப்படி உண்டான நிலத்தைக் கருங்கல் பாறை போல நிலையானது என்று நினைப்பதில்தான் நம் பொதுப்புத்தி தவறுகிறது. சேறு படிந்தபோது அதில் பெரும்பங்கு தண்ணீர். மேலே அடுக்கு ஏற ஏற, கீழ் அடுக்குகள் நசுங்கித் தண்ணீரைக் கக்கி அமுங்குகின்றன. எந்த டெல்டாவும் தன் எடையாலேயே ஆண்டுக்கு ஆண்டு சிறிது இறங்கிக்கொண்டிருக்கிறது. முன்பக்கத்தில் அலை அரித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு இழப்பையும் ஈடுகட்ட ஒவ்வொரு வெள்ளமும் மேலே ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்தவும், முகத்துவாரத்தில் கொஞ்சம் மணலைக் கொட்டவும் வேண்டும். கீற்று வேய்ந்த கூரையைப் போலத்தான் இது: பழைய கீற்று மக்கிக்கொண்டே இருக்கும், புதுக்கீற்று வந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு முறை வேய்ந்தாயிற்றே என்று விட்டுவிட முடியாது. நிலத்தடியில் இருந்து நீரையோ எரிவாயுவையோ உறிஞ்சினால் இறக்கம் இன்னும் வேகமாகும். இத்தாலியின் போ நதி டெல்டாவில் 1930களின் இறுதியிலிருந்து 1961 வரை மீத்தேன் கலந்த நீரை எடுத்ததில் சில இடங்கள் இரண்டு மூன்று மீட்டர் வரை தாழ்ந்துபோயின. 2020 இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் அந்த வகையில் நல்ல சட்டமே. ஆனால் நிலத்தை வைத்துக் காப்பதற்குத்தான் அது சட்டம். நிலத்தை ஆக்கும் பொருள் மேலிருந்து வருகிறதா என்ற கேள்வி அதன் எல்லைக்குள் வரவில்லை.

காவிரி டெல்டாவின் பாசன வரலாற்றையே இந்தக் கோணத்தில் திருப்பிப் படிக்கலாம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கல்லணை அருகே இரண்டும் மீண்டும் நெருங்கி வருகின்றன. காவிரிக் கிளை நூற்றாண்டுக் கணக்கில் மண்ணைக் கொட்டித் தன் படுகையை மேடாக்கிக்கொண்டது. கொள்ளிடமோ தாழ்வானது, சரிவு கூடியது, கடலுக்குக் குறுக்கு வழி. ஒரு டெல்டா ஆறு பழைய வழியைக் கைவிட்டுப் புது வழிக்குத் தாவும் தருணம் இதுதான். அந்தத் தாவலை நாம் தடுத்து நிறுத்தி வைத்திருக்கிறோம். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை செய்தது அதை. காவிரியில் மண் மேடிட்டுத் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் சரிகிறது என்று கண்டு பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 இல் முக்கொம்பில் மேலணை கட்டியதும் அதற்காகத்தான். இந்த இரண்டும் எனக்கு மதிப்புக்குரிய வேலைகள். அவற்றைக் கட்டியவர்கள் கொள்ளிடத்தை மூடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வயலுக்கு வேண்டியதைத் தெற்கே திருப்பிவிட்டு, வெள்ளத்தையும் அது சுமந்த மணலையும் கொள்ளிடத்தின் வழியே போகவிட்டார்கள். கடலுக்குப் போகும் வாசலைத் திறந்து வைத்ததால்தான் மற்ற வாசல்கள் நிலைத்தன. அதே கொள்ளிடத்தைத்தான் இன்று ஓட்டைப் பானை என்று ஏசுகிறோம்.

நிலைமை மாறியது மேலே நீர்த்தேக்கங்கள் வந்தபோது. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகரும், அடுத்து 1934 இல் மேட்டூரும் முடிந்தன. ஓடும் தண்ணீர் நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பில் நின்றுவிட்டால் சுமையைக் கீழே போட்டுவிடும். அணைக்கு அப்பால் இறங்குவது பெரும்பாலும் தெளிந்த நீர். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று இன்றும் ஒப்பிக்கிறோம், தொண்ணூறு ஆண்டுகளாக அதற்குள் படிந்த தூர் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அணைக்குள் தூர், டெல்டாவில் பற்றாக்குறை: இரண்டு இடத்துப் பிரச்சினையும் ஒரே மண்ணைப் பற்றியது. அணைகள் மறித்தது மண்ணை மட்டும் என்றும் சொல்ல முடியாது. கடலில் இருந்து முட்டையிடக் காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன் மேட்டூருக்குப் பிறகு ஏறக்குறைய மறைந்தே போனது. மேட்டூருக்குக் கீழே கரைகளில் இருந்தும் துணையாறுகளில் இருந்தும் வந்து சேர்ந்த மணலை லாரிகள் அள்ளின. 2003 முதல் அரசே குவாரி நடத்தியது. சட்டப்படி அள்ளியது எவ்வளவு, அதற்கு மேல் போனது எவ்வளவு என்பது நீதிமன்றங்கள் வரை போன விவகாரம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, கட்டுமானத்தின் வயதா, மணல் அள்ளியதில் படுகை தாழ்ந்ததா என்று சர்ச்சை எழுந்தது. அந்தச் சர்ச்சையின் தீர்ப்பு எதுவானாலும், படுகை தாழ்ந்த ஆற்றில் கடல் நீர் கூடுதல் தூரம் உள்ளே ஏறும் என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. கொள்ளிடக் கரையின் கடைமடை ஊர்களில் ஆழ்துளைக் கிணறு உப்பாவதற்கு மேலிருந்து தள்ளும் நல்ல தண்ணீர் குறைந்ததும், கீழிருந்து தடுக்கும் மணல் போனதும் சேர்ந்தே காரணம். தெற்குக் கோடியில் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு இன்னொரு சாட்சி. நன்னீர் வரத்து சுருங்கியதில் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் ஒன்றே அங்கே மிகப் பெரும்பான்மையாகி நிற்கிறது.

ஒரு பெரிய ஆற்றைக் கடலுக்கு விடாமல் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. எகிப்து அதைச் செய்து காட்டிவிட்டது. அஸ்வான் உயர் அணை 1964 இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. நைல் ஆண்டுதோறும் கொண்டுவந்த பத்துக் கோடி டன்னுக்கு மேற்பட்ட வண்டல் அநேகமாக முழுவதும் நாசர் ஏரியில் தங்கிவிட்டது. ரொசெட்டா முனையில் கடற்கரை, மோசமான ஆண்டுகளில், நூறு மீட்டருக்கு மேல் பின்வாங்கியது. வெள்ளத்தோடு வந்த சத்துகளை நம்பியிருந்த மத்தி மீன் பிடிப்பு 1962 இல் சுமார் 18,000 டன்னாக இருந்தது, சில ஆண்டுகளில் ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. வண்டலை நம்பி வாழ்ந்த வயல்கள் உரமூட்டைக்கு மாறின. அணையின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: 1980களில் மீன் திரும்பி வந்துவிட்டதே? வந்தது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது வயல்களில் இருந்து வழிந்த உரமும் நகரங்களின் கழிவுநீரும். அந்த வழியில் மீனை மீட்டாலும் கரையை மீட்க முடியாது. சாக்கடை மணல் கொண்டுவருவதில்லை. அணையால் எகிப்துக்கு மின்சாரமும் வறட்சிக் காலத்தில் பாதுகாப்பும் கிடைத்தன என்பதையும் மறுக்கவில்லை. ஆதாயம் வந்தது என்பதால் செலவு இல்லையென்று ஆகிவிடாது.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் தண்ணீர் கடலுக்குப் போவது நிற்கவில்லை. அங்கே ஆற்றின் இருபுறமும் கரையை உயர்த்தி, வெள்ளம் பரவாமல் குழாய் போல ஆழ்கடலுக்குள் செலுத்தினார்கள். மேலே துணையாறுகளில் அணைகள் வண்டலைப் பிடித்துக்கொண்டன. எண்ணெய் நிறுவனங்கள் சதுப்பில் வெட்டிய கால்வாய்கள் தம் பங்குக்கு அரித்தன. 1930களில் இருந்து லூசியானா இழந்த நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மூன்றையும் கூட்டினால் வரும் அளவுக்கு அருகில். அதே மாநிலத்தில் ஒரு மூலையில் நேர்மாறானது நடந்தது. மோர்கன் சிட்டி நகரை வெள்ளத்தில் இருந்து காப்பாற்ற 1940களின் தொடக்கத்தில் வாக்ஸ் லேக் என்ற இடத்தில் கடலுக்கு ஒரு வடிகால் வெட்டினார்கள். டெல்டா உண்டாக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. முதலில் வண்டல் நீருக்கு அடியிலேயே குவிந்தது. 1973 வெள்ளத்துக்குப் பிறகு தலைகாட்டியது. இன்று மரமும் புல்லும் முளைத்த புது நிலமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. வண்டல் கலந்த வெள்ளத்துக்கு ஆழமில்லாத கடலை நோக்கி ஒரு வழி கிடைத்ததே போதுமானதாக இருந்தது. இந்தப் பாடத்தை அரசியலாக்குவது எளிதில்லை என்பதையும் லூசியானாவே காட்டுகிறது: இதே முறையில் வண்டலைத் திருப்பிவிட வேண்டிய பல நூறு கோடி டாலர் மதிப்புள்ள பாராடேரியா திட்டத்தை, சிப்பி வளர்ப்பவர்களின் எதிர்ப்பும் செலவும் சேர்ந்து நெருக்கியதில், 2025 இல் அந்த மாநிலமே கைவிட்டது.

இனி எதிர்வாதங்கள். வலுவானது முதலில்: குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் கடைமடையில் பயிர் கருகுகிறது, இந்த நேரத்தில் கடலுக்குத் தண்ணீர் விடச் சொல்வது ஈவிரக்கமற்ற பேச்சு இல்லையா? பயிர் கருகும் ஆண்டில் கடலுக்கு எதுவும் போவதில்லை என்பதே இதற்கு என் பதில். 2016 இல் டெல்டா காய்ந்தது. 2018 இல் வெள்ளம் கொள்ளிடத்தை நிரப்பிக்கொண்டு ஓடியது. 2018 இன் தண்ணீரை 2016 க்கு அனுப்பும் கதவணை எதுவும் இல்லை. கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 2 லட்சம் கனஅடி வெள்ளம் வந்தால் ஒரு நாளைக்கு 17.28 டிஎம்சி. சொட்டு நீரில்லாத மேட்டூரையே ஐந்தரை நாளில் நிரப்பிவிடும் வேகம் அது. கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்டுள்ள ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையின் கொள்ளளவு 0.334 டிஎம்சி, வெள்ளத்தில் பாதி, அதாவது 1 லட்சம் கனஅடி, கொள்ளிடத்தில் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். இப்படிப் பத்துக் கதவணை கட்டினாலும் ஒரு பகல் பொழுதின் வெள்ளத்தைத்தான் பிடிக்கலாம். அந்தக் கதவணையால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் ஏறும், அது நல்லது. ஏரி குளங்களைத் தூர்வாரி நிரப்புவதும் நல்லது. ஆனால் 'ஒரு சொட்டும் கடலுக்குப் போகக் கூடாது' என்ற இலக்கு எந்தக் கணக்கிலும் நிற்காது. வறட்சி ஆண்டில் கடைமடைக்காரருக்கு நியாயம் கிடைக்க வேண்டிய இடம், கர்நாடகம் விடும் நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலு. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அந்த வழக்கு வலுப்பெறப் போவதில்லை.

நம் சட்ட ஆவணங்களும் கடலுக்கு ஏற்கெனவே தாராளமாக ஒதுக்கிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. 2007 இல் வந்த காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 740 டிஎம்சியைப் பங்கிட்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போய்விடும் நீர் என்று 4. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2018 இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றி எழுதியபோதும் இந்த இரண்டு எண்களைக் கூட்டவில்லை. அந்த 4 டிஎம்சி கடலுக்கு உரிய பங்காக எழுதப்படவில்லை, கையில் இருந்து நழுவுவதாகவே எழுதப்பட்டிருக்கிறது. சிந்து நதியிலும் இதே கதை. 1955 இல் கோட்ரி தடுப்பணை வந்த பிறகு அதற்குக் கீழே நீர் வற்றி, சிந்து டெல்டாவின் வயல்களில் கடல் ஏறியது. 1991 இல் பாகிஸ்தான் மாகாணங்கள் செய்துகொண்ட உடன்பாட்டில், கடல் உட்புகுவதைத் தடுக்க கோட்ரிக்குக் கீழே ஆண்டுக்கு 1 கோடி ஏக்கர் அடி நீர் வேண்டும் என்று சிந்து மாகாணம் கேட்டது பதிவாகியிருக்கிறது. அதற்குப் பின்னும், வெள்ளம் வரும் ஆண்டுகளில், அங்குள்ள அரசியல்வாதிகள் கடலில் வீணான நீரைப் பற்றிப் பேசத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் தகராறு பல இருக்கலாம், இந்தத் தவறில் மட்டும் உறவினர்.

இன்னொரு வாதம்: கடல் மட்டம் உயர்கிறது, துறைமுகங்களும் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளும் கரையை அரிக்கின்றன, இதில் ஆற்றை ஏன் இழுக்கிறீர்கள்? இரண்டும் உண்மை. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே கல் நீட்டினால் வடக்குப் பக்கம் அரிக்கும். உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஏறுவதும் அளந்து கண்டது. ஆனால் இரண்டுமே ஆற்று மணலின் தேவையைக் கூட்டுகின்றன, குறைக்கவில்லை. கடல் ஏறினால் நிலமும் ஏற வேண்டும், அதை ஏற்றக்கூடிய பொருள் வண்டல் ஒன்றுதான். கரையோரம் நகரும் மணலுக்குக் கையிருப்பு ஆறுகளிடம் இருந்து வருகிறது. 2009 இல் ஜேம்ஸ் சிவிட்ஸ்கியும் கூட்டாளிகளும் உலகின் 33 பெரிய டெல்டாக்களை ஆராய்ந்து, பெரும்பான்மை தாழ்ந்துகொண்டிருப்பதாகக் கண்டார்கள். வண்டலை அணைகள் பிடித்துவைப்பதும் நிலத்தடியில் இருந்து உறிஞ்சுவதும் அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். கிருஷ்ணா அந்தப் பட்டியலில் வண்டல் வரத்து மிக மோசமாகச் சரிந்த ஆறுகளில் ஒன்று.

கடைசியாக, நடைமுறை பேசுகிறவர்கள். அணைகளை இடித்துவிட முடியுமா? வண்டல் வாய்க்காலை அடைக்காதா, அதைத் தூர்வாரத்தானே கோடை தோறும் கோடிகள் செலவாகின்றன? யாரும் மேட்டூரை இடிக்கச் சொல்லவில்லை. மண் வாய்க்காலில் சேர்வது தொல்லை, முகத்துவாரத்தில் சேர்வது முதலீடு. அதை எந்த வழியில் விடுவது என்பதுதான் ஆற்றை ஆள்பவரின் வேலை. சீனாவில் மஞ்சள் ஆற்றின் சியாவ்லாங்தி அணையில் 2002 முதல் திட்டமிட்டு நீரைப் பீறிடவிட்டு, தூரைக் கிளப்பிக் கடல் வரை தள்ளுகிறார்கள். அந்த ஆறு 1997 இல் இருநூறு நாளுக்கு மேல் கடலைத் தொடாமல் வறண்டு கிடந்தது. தண்ணீர்ப் பஞ்சம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே முதல் வேலை கொள்ளிடத்து மணலை லாரி ஏறவிடாமல் வைப்பது. இரண்டாவது, கதவணைகளை இயக்கும் விதியில் ஒரு திருத்தம். பருவத்தின் முதல் வெள்ளங்கள்தான் செம்மண் நிறத்தில் அதிக வண்டலோடு வருகின்றன. அந்த நாள்களில் ஷட்டர்களை முழு உயரத்துக்குத் தூக்கி வைத்து, கலங்கல் கடந்துபோன பின் இறக்கித் தேக்க வேண்டும். தேக்கம் சில நாள் தள்ளிப்போகும் என்று அதிகாரிகள் கவலைப்படலாம். தெளிந்த நீர் வரத் தொடங்கிய பிறகும் அந்த 0.334 டிஎம்சியை நிரப்ப ஒரு மணி நேர வெள்ளம் போதும்.